அளவையும் வெப்பமும்

தமிழில் அளவை என்னும் சொல் இரண்டு பொருளில் வழங்குகிறது. நாழியும் படியும் முகத்தலளவை, சாணும் முழமும் நீட்டலளவை என்று கணக்கு நூல்கள் கூறும்போது, ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவியை அது குறிக்கிறது; காட்சி, கருதல், உரை என்று தருக்க நூல்களும் சைவ சித்தாந்த நூல்களும் வகுக்கும்போது, ஒன்று மெய்தானா என்று துணிவதற்குரிய வழியை, வடமொழியார் பிரமாணம் என்பதை, அது குறிக்கிறது. முன்னது கடைத்தெருவுக்கும் பின்னது மடத்துக்கும் உரியவை என்று பிரித்துவைப்பது வழக்கமாகிவிட்டது. ஆயினும் அளக்காவிட்டால் அறியவே முடியாது என்னும்படி இரண்டும் பிணைந்து கிடக்கும் துறைகள் சில உண்டு. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு வெப்பத்தையும் சேர்த்துத் தரும் சிகிச்சை அவற்றுள் ஒன்று.

இச்சிகிச்சை சில ஆய்வுகளில் பெரும் பயன் தந்தது. வேறு சில ஆய்வுகளில் பயனே தரவில்லை. பயன் தந்தபோது கட்டியில் வெப்பம் ஏறியது என்றும், தராதபோது வெப்பம் போதிய அளவு ஏறவில்லை என்றும் அதன் ஆதரவாளர்கள் விளக்கம் கூறுகின்றனர். நேர்த்திக்கடன் பலித்தால் தெய்வத்தின் அருள், பலிக்காவிட்டால் நேர்ந்தவரின் பக்திக் குறைவு என்று சொல்லும் வாதமும் இதே வார்ப்பில் அமைந்ததுதான். வென்றாலும் தோற்றாலும் தன்னை நிலைநாட்டிக்கொள்ளும் ஒரு கூற்றை அறிவு என்பதா, சாக்கு என்பதா என்னும் கேள்வி மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. நம்பிக்கையும் அறிவும் எங்கே பிரிகின்றன என்று கேட்கும் மெய்யியல் முழுவதற்கும் உரியது. அக்கேள்விக்கு இந்தச் சிகிச்சையின் வரலாறு தெளிவான ஒரு விடையைத் தருகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வெப்பம் என்னும் துணைக்காரணம்

மருத்துவர்கள் ஹைபர்தெர்மியா என்று வழங்கும் வெப்பச் சிகிச்சையில், கட்டி இருக்கும் பகுதி 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை, ஏறத்தாழ ஒரு மணி நேரம் சூடாக்கப்படுகிறது. கட்டிக்குள் ஊசியைச் செலுத்தி 50 டிகிரிக்கும் மேலான சூட்டில் திசுவை வேகவைத்து அழிக்கும் முறை வேறு. இங்கே பேசப்படுவது கடுங்காய்ச்சலின் உச்சத்தை ஒத்த சூடு மட்டுமே. சித்த மருத்துவம் கூறும் 32 புறமருத்துவ முறைகளில் சுட்டிகை தசையைச் சுடுவது, ஒற்றடமும் வேதும் பொறுக்கத்தக்க சூட்டைத் தருவன. அந்த வகைப்பாட்டின்படி நோக்கினால் இச்சிகிச்சை சுட்டிகையின் பக்கம் நிற்காமல் ஒற்றடத்தின் பக்கமே நிற்கிறது. தோலை ஒட்டிய கட்டிகளுக்கு நுண்ணலைகளும், இடுப்புக்குள் ஆழ்ந்திருக்கும் கட்டிகளுக்கு எஃப்.எம். வானொலியின் அலைவரிசையை ஒட்டிய மின்காந்த அலைகளும் பயன்படுகின்றன. உடலைச் சுற்றி வளையமாக அமைந்த ஆண்டெனாக்களிலிருந்து புறப்படும் அலைகள் கட்டி இருக்குமிடத்தில் ஒன்றுகூடி வலுப்பெறும்படி அவற்றின் நேரமும் வலிமையும் சரிசெய்யப்படுகின்றன.

இந்தச் சூடு தனியே கட்டியை அழிப்பதில்லை. அழிந்ததுபோல் தோன்றினாலும் அது பெரும்பாலும் நிலைப்பதில்லை. அதன் ஆற்றல் கதிர்வீச்சோடு சேரும்போதுதான் வெளிப்படுகிறது. கதிர்வீச்சு உயிரணுவின் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது; அறுபட்ட இடம் நிலையான சேதமாவதற்கு ஆக்சிஜன் வேண்டியிருப்பதால், கட்டியின் நடுவே இரத்தம் சரிவரச் செல்லாமல் மூச்சுத்திணறிக் கிடக்கும் உயிரணுக்களைக் கொல்ல, நல்ல இரத்த ஓட்டமுள்ள உயிரணுக்களுக்குத் தேவையானதைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர்வீச்சு தேவைப்படுகிறது. வெப்பத்துக்கோ அப்படி ஆக்சிஜன் வற்றி, ஊட்டம் குறைந்து, அமிலம் மிகுந்து கிடக்கும் உயிரணுக்களே எளிய இரை. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் கட்டத்தில் இருக்கும் உயிரணு கதிர்வீச்சை மிகுதியாகத் தாங்குகிறது. அதே கட்டத்தில் அது வெப்பத்தை மிகவும் அஞ்சுகிறது. மிதமான சூடு இரத்த ஓட்டத்தைக் கூட்டி ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருவதோடு, அறுந்த டி.என்.ஏ.வைத் தைத்துச் சரிசெய்யும் புரதங்களையும் முடக்குகிறது, அவற்றுள் பி.ஆர்.சி.ஏ.2 என்னும் புரதம் 41 முதல் 42.5 டிகிரி வரையிலான சூட்டில் சிதைகிறது என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் காட்டினர். ஒன்று அறுக்க, மற்றொன்று தையலைத் தடுக்கிறது.

இந்த உறவைச் சொல்ல சைவ சித்தாந்தத்தின் காரண வகைப்பாடு நன்கு உதவும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது அம்மரபின் பழகிய எடுத்துக்காட்டு. துணைக்காரணத்தின் இயல்பு விந்தையானது; சக்கரம் மட்டும் சுழன்றால் குடம் வராது, ஆனால் சக்கரம் தள்ளாடினால் நல்ல மண்ணும் கைதேர்ந்த குயவனும் இருந்தும் குடம் கோணிவிடும். வெப்பம் கதிர்வீச்சுக்கு அத்தகைய துணை. எனவே வெப்பம் நோயைக் குணமாக்குமா என்று தனித்துக் கேட்பது, சக்கரம் குடமாகுமா என்று கேட்பதைப் போன்றதே. எவ்வளவு வெப்பம், எங்கே, எவ்வளவு நேரம், கதிர்வீச்சுக்கு எவ்வளவு முன்போ பின்போ என்று கேட்டால்தான் கேள்விக்குப் பொருள் உண்டாகும்.

எவ்வளவு என்பதில் ஒரு டிகிரி கூட அற்பமன்று. சப்பரெட்டோ, டூயி என்னும் இரு ஆய்வாளர்கள் 1984இல் வகுத்த கணக்கு இன்றும் இத்துறையின் வாய்பாடாக இருக்கிறது. 43 டிகிரியை அடிப்படையாகக் கொண்டு, அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அதே விளைவுக்குத் தேவையான நேரம் பாதியாகக் குறையும் என்றும், அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் நேரம் நான்கு மடங்காகும் என்றும் அது கூறுகிறது. அதன்படி 42 டிகிரியில் ஒரு மணி நேரம் என்பது 43 டிகிரியில் 15 நிமிடத்துக்குச் சமம். 41 டிகிரியில் ஒரு மணி நேரம் என்பது 4 நிமிடத்துக்கும் குறைவு. நெற்றியில் கை வைத்துப் பார்க்கும் தாய்க்கு வேறுபாடே தெரியாத ஒரு டிகிரி, இங்கே சிகிச்சையை நாலில் ஒன்றாக்கிவிடுகிறது.

காட்சியின் போதாமை

வெப்பத்தின் ஆற்றலைப் பற்றிய ஊகம் முதலில் எழுந்தது கண்ணால் கண்ட சில நிகழ்ச்சிகளிலிருந்து. 1866இல் ஜெர்மனியின் பான் நகரில் வில்ஹெல்ம் புஷ் என்னும் மருத்துவர், முகத்தில் தசைப்புற்றுடன் இருந்த ஒருவருக்கு அக்கி போன்ற தோல் தொற்று கண்டு கடுங்காய்ச்சல் அடித்தபின் கட்டி மறைந்ததைப் பதிவு செய்தார். 1891 முதல் நியூயார்க்கில் வில்லியம் கோலி, இத்தகைய காய்ச்சலை வேண்டுமென்றே உண்டாக்க நுண்ணுயிரிகளையும், பின்னர் அவற்றின் நஞ்சையும் நோயாளிகளுக்குச் செலுத்தினார். சிலருக்குக் கட்டி கரைந்தது. 1898இல் சுவீடன் நாட்டு மகப்பேறு மருத்துவர் வெஸ்டர்மார்க், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வெந்நீர் ஓடும் உலோகச் சுருளை உள்ளே வைத்துச் சூடேற்றிப் பார்த்தார்.

புஷ்ஷும் கோலியும் கண்டது பொய்யன்று. கட்டி மறைந்தது மெய், காய்ச்சல் அடித்ததும் மெய். ஆனால் கோலியின் நோயாளிகளில் கட்டியைக் கரைத்தது சூடு மட்டுமா, தொற்றை எதிர்த்து எழுந்த உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலா என்று கேட்டபோது, பிற்காலத்தார் பின்னதன் பக்கமே பெரிதும் சாய்ந்தனர். இன்று அவர் நோயெதிர்ப்புச் சிகிச்சையின் முன்னோடியாகவே நினைக்கப்படுகிறார். இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நிகழ்வதைக் கண் காட்டும். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதைக் கண் காட்டாது. அதற்குக் கருதல், அதாவது அனுமானம், வேண்டும்.

கருதலும் உபாதியும்

கருதலை விளக்க இந்தியத் தருக்கம் முழுவதும் நெருப்பையே எடுத்தாண்டிருப்பது இங்கே பொருத்தமான தற்செயல். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைகளை உரைக்கும்போது, மலையில் புகை தெரிவதால் அங்கே நெருப்பு உண்டு என்றும், அதற்கு அடுக்களை எடுத்துக்காட்டு என்றும் காட்டுகிறார். புகையைக் கொண்டு நெருப்பைக் கருதலாம். நெருப்பைக் கொண்டு புகையைக் கருதலாமா என்று கேட்டால் நியாய நூலார் கூடாது என்பர். ஏனெனில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்பு புகைய வேண்டுமானால் ஈர விறகு சேரவேண்டும். இவ்வாறு வெளியே சொல்லப்படாமல் மறைந்து நின்று, ஒரு பொதுவிதியை உண்மையாகவோ பொய்யாகவோ ஆக்கும் நிபந்தனைக்கு அவர்கள் உபாதி என்று பெயரிட்டனர்.

வெப்பச் சிகிச்சையின் ஆய்வு வரலாறு முழுவதையும் ஓர் உபாதியைத் தேடிய வரலாறு என்று சொல்லலாம். 1990 முதல் 1996 வரை நெதர்லாந்தில், இடுப்புக்குள் முற்றிய சிறுநீர்ப்பை, கருப்பைவாய், மலக்குடல் புற்றுநோய் கொண்ட 358 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சு மட்டும், மறு பிரிவினருக்கு அதோடு வாரத்துக்கு ஒருமுறை என ஐந்து முறை வெப்பமும் தந்தனர். 2000ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, கட்டி முற்றிலும் மறைந்தவர்கள் கதிர்வீச்சுப் பிரிவில் 39 விழுக்காடு, வெப்பமும் பெற்ற பிரிவில் 55 விழுக்காடு. கருப்பைவாய்ப் புற்றுநோய் கொண்ட 114 பெண்களிடையே வேறுபாடு இன்னும் பெரிது. மூன்றாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் ஒரு பிரிவில் 27 விழுக்காடு, மறு பிரிவில் 51 விழுக்காடு. அதே பெண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் 20க்கு 37 என்று அந்த இடைவெளி நிலைத்தது.

ஆனால் 1980களில் அமெரிக்காவில் நடந்த பெரிய கூட்டாய்வு ஒன்றில், தோலை ஒட்டிய கட்டிகளுக்கு வெப்பம் சேர்த்ததால் மொத்தத்தில் பயன் தெரியவில்லை. 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த சிறு கட்டிகளில் மட்டுமே சற்று நன்மை தோன்றியது. சர்வதேச அணுசக்தி முகமை பல மருத்துவமனைகளில் 110 கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகளைக் கொண்டு நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்விலும் வெப்பத்தால் ஆயுள் நீளவில்லை. உடனடிப் பக்கவிளைவுகள்தாம் கூடின. கதிர்வீச்சுக்கும் வெப்பத்துக்கும் இடையிலான நேரம் குறைந்தால் பயன் மிகும் என்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து 2017இல் ஒரு பகுப்பாய்வு வந்தது. அந்த இடைவெளியால் வேறுபாடு ஏதுமில்லை என்று ராட்டர்டாமிலிருந்து 2019இல் மற்றொன்று வந்தது.

அமெரிக்க ஆய்வின் தோல்விக்குக் கூறப்பட்ட காரணம், கட்டிகள் உரிய சூட்டை எட்டவேயில்லை என்பது. அக்காலக் கருவிகள் ஆழத்திலும் அகலத்திலும் குறுகிய இடத்தையே சூடாக்கின. பெரிய கட்டியில் ஓடும் இரத்தம், வெந்நீரில் விட்ட தண்ணீர்போல, ஏறிய சூட்டை அள்ளிச் சென்றது. சிறு கட்டிகளில் மட்டும் நன்மை தோன்றியதும் இதற்கு ஒத்துப்போகிறது. எனினும் இங்கேதான் தருக்கத்தின் கூர்மை வேண்டும். ஒரு கோட்பாடு எந்த நிகழ்ச்சி நேர்ந்தால் பொய்யாகும் என்று முன்னரே சொல்ல வல்லதாக இருக்கவேண்டும், எது நேர்ந்தாலும் பொய்யாகாத கூற்று அறிவியல் கூற்று அன்று என்று கார்ல் பாப்பர் 1934இல் வாதிட்டார். தோல்விக்குப் பிறகு உபாதியைக் கண்டுபிடிப்பது எளிது. பரிகாரம் பலிக்காத பிறகு முகூர்த்தத்தில் குறை காண்பதும் அவ்வாறே எளிது.

அதிகச் சூடு ஏறிய கட்டிகளே அதிகமாகக் குணமாயின என்று பின்னோக்கிக் கணக்கிட்டுக் காட்டுவதும் போதாது. இரத்த ஓட்டம் குறைந்த, அளவில் சிறிய, நோயாளி உடல்நலத்தோடு நீண்ட நேரம் சூட்டைத் தாங்கக்கூடிய கட்டிகளே எளிதில் சூடேறுகின்றன. அவற்றுள் சில எப்படியும் நன்கு குணமாகக்கூடியவை. அப்படியாயின் சூடு குணத்துக்குக் காரணமாக நிற்காமல், குணமாகக்கூடிய கட்டியின் அடையாளமாக மட்டும் நிற்கக்கூடும். மணிமேகலை பட்டியலிடும் ஏதுப்போலி, அதாவது காரணம்போல் தோன்றிக் காரணமாகாதது, இதுவே.

இந்தச் சிக்கலை அவிழ்த்த முறை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2005இல் வெளிவந்த ஆய்வில் காணப்படுகிறது. அங்கே தோலை ஒட்டிய கட்டிகள் கொண்ட 122 பேரைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் முதலில் ஒருமுறை வெப்பம் தந்து, கட்டிக்குள் வைத்த வெப்பமானிகளால் அளந்து, சூடேறக்கூடிய கட்டி எது என்று தேர்ந்தனர். அத்தகுதி பெற்ற 109 பேரை அதன் பிறகே குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் வெப்பத்தைத் தொடர்ந்தனர். இரு பிரிவிலும் இருந்தவை சூடேறக்கூடிய கட்டிகளே ஆதலால், எளிதில் சூடேறும் கட்டி எப்படியும் குணமாகும் என்ற மறுப்புக்கு இடமில்லாமல் போயிற்று. கட்டி முற்றிலும் மறைந்தவர்கள் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 42 விழுக்காடு, வெப்பமும் பெற்றவர்களில் 66 விழுக்காடு. முன்பே ஒருமுறை கதிர்வீச்சுப் பெற்றதால் இம்முறை முழு அளவு பெற முடியாதவர்களிடையே 23க்கு 68.

இந்த எண்களைவிட முறையே மெய்யியலுக்கு முக்கியமானது. ஈர விறகு இருந்தால் புகையும் என்று முன்னரே சொல்லி, விறகின் ஈரத்தை அளந்து, பிறகு நெருப்பிட்டுப் பார்த்த முறை அது. முடிவு மாறாக வந்திருந்தால் சூடு ஏறவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. எனவே தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இதுவே விடை: உபாதி முன்கூட்டி வகுக்கப்பட்டு அளக்கப்படுமானால் அது அறிவு, பின்கூட்டிச் சேர்க்கப்படுமானால் அது சாக்கு. ஒரே சொற்றொடர், சொல்லப்படும் நேரத்தையும் கையில் உள்ள வெப்பமானியையும் பொறுத்து, மெய்யறிவாகவும் போலியறிவாகவும் மாறுகிறது.

தன்வேதனைக் காட்சி

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், காட்சி என்னும் அளவையை நான்காகப் பகுக்கிறது. பொறிகளால் காண்பது வாயிற்காட்சி, மனத்தால் தெளிவது மானதக்காட்சி, இன்பதுன்பங்களை உயிர் தானே நுகர்ந்தறிவது தன்வேதனைக்காட்சி, யோகத்தால் பெறுவது யோகக்காட்சி. ஒருவர் வலியைப் பிறர் அறிய முடியாது என்ற பழைய சிக்கலில் நிற்கும் மூன்றாவது வகைக்கு, வெப்பச் சிகிச்சை நடக்கும் அறையில் எதிர்பாராத ஒரு பணி உண்டு.

கதிர்வீச்சு உடலில் பாயும்போது நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை. சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருந்து எழுந்து வருகிறார், அது பாய்ந்தது என்பதே அவருக்குப் பிறர் சொல்லி அறியும் செய்தி. வெப்பம் அப்படியன்று. இடுப்பைச் சுற்றி ஆண்டெனா வளையம், வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே தோல் பொசுங்காமல் காக்கக் குளிர்ந்த நீர் ஓடும் பை, சிறுநீர்ப்பையிலும் மலக்குடலிலும் பெண்களுக்குப் பிறப்புவழியிலும் மெல்லிய குழாய்கள், அவற்றுக்குள் வெப்பமானிகள் என்று ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நோயாளி வியர்த்து விறுவிறுத்துக் கிடக்கவேண்டும். திசுக்களின் எல்லைகளிலும் எலும்பின் ஓரத்திலும் அலைகள் குவிந்து சில இடங்களில் சூடு திடீரென மிகும். வெப்பமானி இல்லாத இடத்தில் அது நேர்ந்தால் திரையில் எதுவும் தெரியாது. நோயாளி, இடது தொடை இடுக்கில் எரிகிறது என்று சொன்னதும், கருவியை இயக்குபவர் மின்வலிமையைக் குறைக்கிறார், அல்லது அலைகளின் குவிமையத்தைச் சற்று வலப்பக்கம் நகர்த்துகிறார். வலி தணிந்ததா என்று கேட்டு, தணிந்தபின் மறுபடி வலிமையைக் கூட்டுகிறார்.

அங்கே நோயாளியின் சொல்லே வெப்பமானியாகிறது. பொதுவாக மருத்துவத்தில் வலி என்பது தணிக்கவேண்டிய ஒன்று, அல்லது வேறொன்றின் அறிகுறி. இங்கே அது நேரடியான ஓர் அளவீடு, கருவியின் அளவீட்டை நிரப்பும் அளவீடு. இதனால் மயக்க மருந்து கொடுத்து உணர்விழக்கச் செய்து இச்சிகிச்சையைத் தருவது தவிர்க்கப்படுகிறது. வலியைப் பொறுத்துக்கொள்வதே நல்ல நோயாளிக்கு அழகு என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர், அந்த அறையில் இருக்கும் கருவிகளில் ஒன்றை அணைத்துவிடுகிறார் என்றே சொல்லவேண்டும். அவர் தோலுக்கடியில் கொழுப்புத் திசு பொசுங்கினால் அது பொறுமையின் பயனாகாது.

தீ என்னும் உருவகம்

இந்த இடத்தில் சமயம் நுழைகிறது. தவம் என்பதன் வடமொழி வடிவமாகிய தபஸ் வெப்பத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. தவத்தார் துன்பத்தால் ஒளிபெறுவதற்குத் திருக்குறளின் தவ அதிகாரம் பொன்னையும் தீயையும் உவமையாக்குகிறது. வேள்வித் தீயும் பூக்குழியும் அழுக்கை எரித்துத் தூய்மை தருவன என்பது மக்கள் வழக்கில் ஊறிய எண்ணம். ஆகவே நோயும் ஒரு வினை, அதை எரிக்க வந்தது இந்தச் சூடு, எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு வினை கழியும் என்று ஒரு நோயாளி எண்ணத் தலைப்பட்டால், அவர் தம் மரபுக்கு வெளியே எதையும் எண்ணிவிடவில்லை.

ஆயினும் உருவகம் அளவையாகாது. பொன் உருகுவது 1,064 டிகிரியில். கட்டிக்கு வேண்டியது 42. பொன்னுக்குத் தீ தானே தூய்மை செய்கிறது. கட்டிக்குச் சூடு கதிர்வீச்சின் துணையே தவிர, தானே எதையும் தூய்மைப்படுத்துவதில்லை. மேலும் தீயின் உருவகத்தில் அதிகம் என்பது எப்போதும் நன்று, இச்சிகிச்சையில் அப்படியன்று. ஒருமுறை சூடுபட்ட உயிரணுக்கள் சில நாட்களுக்கு வெப்பத்தைத் தாங்கும் காப்புப் புரதங்களைச் சுரந்துகொள்வதால், மறுநாளே மீண்டும் சூடேற்றுவது பெரும்பாலும் வீண். அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை அல்லது இருமுறை என்று இடைவெளி விடப்படுகிறது. தவத்தின் இலக்கணம் இடைவிடாமை என்றால், இதன் இலக்கணம் இடைவிடுதல்.

நோயாளிக்கு நம்பிக்கை வேண்டாம் என்பது இதன் பொருளன்று. தெய்வத்தை வேண்டிக்கொண்டு அந்த அறைக்குள் செல்பவர், ஒரு மணி நேரம் கிடப்பதற்கான மனவலிமையை அங்கிருந்து பெறலாம்; அது அவர் உரிமை. ஆனால் சுடுகிறது என்று சொல்வது பக்திக் குறைவு என்று அவர் கருதும்படி செய்யும் நம்பிக்கை, அவருக்கும் சிகிச்சைக்கும் ஊறு.

உரையின் கடமை

மூன்றாவது அளவை உரை. காணவும் கருதவும் இயலாதவற்றை நம்பத்தக்க ஒருவர் சொல்லக் கேட்டு அறிவது அது. அவ்வாறு சொல்பவரை ஆப்தர் என்பர். உள்ளதை அறிந்திருத்தல், அறிந்ததை உள்ளபடி சொல்லும் விருப்பம் ஆகிய இரண்டும் ஆப்தருக்கு வேண்டிய தகுதி. புற்றுநோயாளிக்கு மருத்துவர் சொல்வது பெரும்பாலும் இந்த அளவையால்தான் சென்று சேர்கிறது. லான்செட் இதழைப் புரட்டி எண்களை எடைபோட நோயாளிக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை.

அப்படியிருக்க, 27 விழுக்காடு 51 ஆனது என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பொய்யன்று, ஆனால் உரையுமன்று. அந்த ஆய்வில் வெப்பம் ஒப்பிடப்பட்டது கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களோடு. 1999 பிப்ரவரியில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தைச் சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் அறிவித்ததை அடுத்து, உலகெங்கும் அதுவே வழக்கமான சிகிச்சையாயிற்று. நெதர்லாந்து ஆய்வின் முடிவு அச்சேறியபோது அது விடையளித்த கேள்வியே பழையதாகிவிட்டது. பின்னர் சிஸ்பிளாட்டினையும் வெப்பத்தையும் நேருக்கு நேர் ஒப்பிடத் தொடங்கிய ஓர் ஐரோப்பிய ஆய்வு, போதிய நோயாளிகள் சேராததால் 87 பேரோடு நின்றது. அதில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. முந்திய நெதர்லாந்து ஆய்வில் கதிர்வீச்சு மட்டும் பெற்ற பிரிவின் முடிவுகள் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்திருந்தன என்ற மறுப்பும் உண்டு. இவற்றையும், பயன் காணாத 110 பேரின் ஆய்வையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் மருத்துவரின் சொல் ஆப்த வாக்கியமாகிறது. சிறுநீரகம் தளர்ந்து சிஸ்பிளாட்டின் ஏற்க முடியாதவர், முன்பு கதிர்வீச்சுப் பெற்ற இடத்திலேயே மார்பகப் புற்றுநோய் திரும்பி வந்தவர் ஆகியோருக்கு வெப்பத்தின் துணை மெய்யான ஒரு வாய்ப்பு என்பதையும் அவரே சொல்லவேண்டும். பாதியை மறைப்பது எந்தப் பக்கமாயினும் மறைப்பே.

உரைக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2022இல் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த ஏறத்தாழ 3,50,000 பெண்களில் 94 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஆழ்ந்த கட்டிகளைச் சூடாக்கும் கருவிகளும், அவற்றை இயக்கத் தெரிந்த இயற்பியலாளர்களும் பெரும்பாலும் செல்வ நாடுகளில்தான் உள்ளனர். கருவி வந்து சேராத ஊரில் கருவியின் பெயர் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிடும்போது, வெப்பமானி இல்லாத சூட்டை விற்க ஆள் கிடைப்பது அரிதன்று.

ஆகவே முடிவு இதுதான். வெப்பம் கதிர்வீச்சுக்குத் துணைநிற்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை, ஆனால் நிபந்தனையோடு கூடிய உண்மை. நிபந்தனையை அளந்து காட்ட இயலாத இடத்தில் அவ்வுண்மைக்கு இடமில்லை. இச்சிகிச்சையைத் தருவதாக எவரேனும் முன்வந்தால், கட்டிக்குள்ளோ அதை ஒட்டியோ எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் ஏறியது என்பதை எப்படி அளப்பீர்கள் என்று நோயாளியோ அவர் வீட்டாரோ முதலில் கேட்கவேண்டும். விடை எண்ணாக வந்தால் மேற்கொண்டு பேசலாம். வாக்குறுதியாக வந்தால் எழுந்து வந்துவிடலாம்.